போனவர் பெயரில் ஒரு வகுப்பறை

*இறந்தவரின் நினைவாகக் கல்விக்கூடத்துக்கு நிலமும் கட்டடமும் தரும் வழக்கம் பற்றி, கரிசல் சீமையிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை*

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வழியில், தார்ச்சாலையை விட்டு ஒரு மண்பாதை ஊருக்குள் பிரிகிறது. இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். பாதை முனையில் இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருக்கிறார்கள். காலை ஏழரை மணி. கல்லூரிக்குப் போகும் மூன்று பெண்கள் புத்தகப் பைகளையும் சாப்பாட்டுப் பைகளையும் அந்தக் கல்லின் மேல் வைத்துவிட்டு டவுன் பஸ்ஸுக்காக நின்றார்கள். ஒருத்தி நோட்டைப் பிரித்து வைத்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தேர்வு போல.

“இது என்ன கல்லும்மா?”

“சுமைதாங்கிக் கல்லு சார். புள்ளத்தாச்சியா செத்துப்போனவங்களுக்காக வைக்கிறது. எங்க அப்பத்தா சொல்லும்.”

பஸ் வந்தது. பைகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

வயிற்றுச் சுமையை இறக்கி வைக்காமலே போய்விட்டவளுக்காக, வழியில் வருகிறவர்கள் தங்கள் சுமையை இறக்கி வைக்க ஒரு கல். விறகுக் கட்டோடோ பருத்திப் பொதியோடோ தனியாக வருகிறவள், யாரும் கை கொடுக்காமலே சுமையை இறக்கலாம், மறுபடி தலையில் ஏற்றலாம். அதற்குத் தோதான உயரத்தில்தான் குறுக்குக் கல் இருக்கும். இந்தக் காய்ந்த சீமையில் இறந்தவர்களுக்காக ஊருணி வெட்டினார்கள், தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள், சாவடி கட்டினார்கள். துக்கம் வீட்டுக்குள் தேங்காமல் வழிப்போக்கருக்கு நிழலாகவும் தண்ணீராகவும் வெளியே வந்தது. இன்று அதே மனசுதான் பள்ளிக்கு நிலம் எழுதிவைக்கிறது, கல்லூரிக்கு வகுப்பறை கட்டித் தருகிறது. யாருடைய சுமையை அது இறக்கி வைக்கிறது, எத்தனை காலம் நிற்கிறது என்ற இரண்டு கேள்விகளோடுதான் இந்தக் கட்டுரைக்காக அலைந்தேன்.

கொடிக்குளத்தில் நடந்தது

2024 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட பெயர் ஆயி அம்மாள் என்கிற பூரணம். மதுரையை ஒட்டிய கொடிக்குளத்துக்காரர், கனரா வங்கியில் ஊழியர். கணவரை இளம் வயதிலேயே இழந்தவர். ஒரே மகள் ஜனனியும் இறந்துபோனார். மகளின் நினைவாக, ஊரில் இருந்த ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக உயர வேண்டும் என்பதற்காக, தமது 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைக் கல்வித்துறைக்கு எழுதிக் கொடுத்தார். மதிப்பு சுமார் 7 கோடி ரூபாய் என்றார்கள். பள்ளிக்கு ஜனனியின் பெயர் வைக்க வேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்டது.

அவர் இதை ஊருக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. மதுரை நாடாளுமன்ற உறுப்பினர் சு.வெங்கடேசன் வங்கிக்கே போய் அவரைச் சந்தித்து நன்றி சொன்ன பிறகுதான் வெளியே தெரிந்தது. அந்தக் குடியரசு நாள் விழாவில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அவருக்குச் சிறப்பு விருது வழங்கினார்.

தொகை பெரிதுதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர் தேர்ந்தெடுத்த இடம். எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்துபோகிற ஊரில் ஒன்பதாம் வகுப்பு என்றாலே அடுத்த ஊர்ப் பயணம். பையன்கள் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள். பெண் பிள்ளைகள் விஷயத்தில் வீட்டுத் திண்ணையில் ஒரு பேச்சு நடக்கும். அந்தப் பேச்சு பல வீடுகளில் தறிக்குழியிலோ தீப்பெட்டி ஒட்டுவதிலோ கல்யாணத்திலோ போய் முடியும். மகளைப் பறிகொடுத்த தாய், மற்றவர்களின் மகள்கள் எந்த இடத்தில் நின்றுபோகிறார்களோ சரியாக அங்கே நிலத்தைக் கொடுத்தார்.

மூன்று பிரசவங்கள், ஒரு மருத்துவக் கல்லூரி

சுமைதாங்கிக் கல்லைப் பார்த்தபோது எனக்கு வேலூர்தான் நினைவுக்கு வந்தது.

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று குடும்பத்து ஆண்கள், பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிமாருக்கு உதவி கேட்டு ஒரு மிஷனரி மருத்துவரின் வீட்டுக்கு வந்தார்கள். மருத்துவர் ஆண், அவர் வருவதை அந்த வீடுகள் ஏற்கவில்லை. மகள் ஐடா ஸ்கடருக்கு மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவுக்குப் பிறகுதான் ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். அவர் திரும்பி வருவதற்கு முன், நியூயார்க்கில் ஷெல் என்ற வங்கி முதலாளி, இறந்துபோன தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தில் 1902இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. 1918இல் ஐடா பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். சி.எம்.சி. என்று இன்று உலகம் அறிந்த நிறுவனம் வளர்ந்தது அந்த வித்திலிருந்துதான்.

மேரி டேபர் ஷெல் தமிழ்நாட்டைப் பார்த்தவர் இல்லை. ஆனாலும் பிள்ளைத்தாய்ச்சியாக இறந்தவர்களுக்காக இதைவிடப் பெரிய சுமைதாங்கி நம் மண்ணில் நடப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. வேலூர்க்காரர்கள் இன்றும் ‘ஷெல் கண் ஆஸ்பத்திரி’ என்றுதான் வழி சொல்கிறார்கள்.

சென்னையில் இன்னொன்று உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை இளம் வயதில் புற்றுநோயில் இறந்தார். அந்த வேதனை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆறாமல் இருந்து 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக ஆனது. பிறகு அங்கேயே புற்றுநோய் மருத்துவ உயர்படிப்புக்கான கல்லூரியும் வந்தது. எந்த நோய் கொண்டுபோனதோ அந்த நோயோடு மோதுகிறவர்களுக்குப் பாடம் சொல்லித் தரும் இடத்தையே தங்கைக்கு அக்கா கட்டினார்.

> பெட்டிச் செய்தி: கல்லில் நின்ற பெயர்கள்
>
> ராஜாபாய் கோபுரம், மும்பை: மும்பைப் பல்கலைக்கழக வளாகத்தின் மணிக்கூண்டு. பருத்தி வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டிய பிரேம்சந்த் ராய்சந்த் 2 லட்சம் ரூபாய் தந்து, தாய் ராஜாபாயின் பெயரை வைக்கச் சொன்னார். 1869இல் தொடங்கிய வேலை 1878இல் முடிந்தது. உயரம் 280 அடி.
>
> ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா: லேலண்ட் – ஜேன் தம்பதியின் ஒரே மகன் 1884இல், 15 வயதில், டைஃபாய்டு காய்ச்சலில் இறந்தான். பல்கலைக்கழகம் 1891இல் திறக்கப்பட்டது. முழுப் பெயரில் இன்றும் அந்தச் சிறுவன்தான் இருக்கிறான்.
>
> வைட்னர் நூலகம், ஹார்வர்டு: 1912இல் டைட்டானிக் கப்பலோடு மூழ்கிய ஹாரி வைட்னர் பெரிய புத்தகப் பிரியர், வயது 27. உயிர் தப்பிய தாய் கட்டித் தந்த நூலகம் 1915இல் திறந்தது.
>
> பி.எஸ்.ஜி., கோவை: பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் 1926இல் குடும்பச் சொத்தைப் பிரித்தபோது ஐந்து பங்காகப் போட்டார்கள். ஐந்தாம் பங்கு தர்மத்துக்கு. அந்த அறக்கட்டளையின் தொழில்நுட்பக் கல்லூரி 1951இல் வந்தது.

பிடியரிசியில் எழுந்த சுவர்கள்

பெரும் பணக்காரர்கள் மட்டும் செய்கிற காரியம் இது என்று கரிசல்காட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை நடந்தது பிடியரிசியில். உலை வைக்கும் முன் வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டார்கள். அதைச் சேர்த்து விற்றுப் பள்ளியை நடத்தினார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து உறவின்முறைச் சங்கங்கள் சேர்த்த பணம், பள்ளிகளாகவும் கல்லூரிகளாகவும் ஆனது. விருதுநகரில் 1947இல் வந்த செந்திக்குமார நாடார் கல்லூரி ஓர் உதாரணம். அருப்புக்கோட்டையில் தேவாங்கர் கலைக் கல்லூரியும் சைவபானு சத்திரியக் கல்லூரியும் 1970ஐ ஒட்டி எழுந்தன. தறியிலும் தராசிலும் நின்ற சமூகங்கள் தங்கள் பிள்ளைகளை மதுரைக்கு அனுப்பாமலே பட்டதாரி ஆக்கிவிடப் பார்த்தன.

சிவகாசியில் 1963இல் தொடங்கிய கல்லூரி அய்ய நாடார் – ஜானகி அம்மாள் என்று கணவன் மனைவி இருவர் பெயரையும் சேர்த்தே தாங்குகிறது. கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு கணவன் பெயரும் மனைவி பெயரும் சரிசமமாக ஒரே வரியில் அச்சாவது நம் ஊரில் அரிது. அந்தக் கல்லூரியின் ஒவ்வொரு பட்டச் சான்றிதழும் அந்த இரண்டு பெயரையும் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

இந்தப் பக்கத்துக் கல்லூரிக்குள் நுழைந்தால் சுவரெல்லாம் எழுத்துத்தான். மின்விசிறியில் ‘உபயம்’, பெஞ்சில் ‘உபயம்’, குடிநீர்த் தொட்டியில் ‘அன்னாரின் நினைவாக’. பதினாறாம் நாள் காரியத்துக்குச் செலவழிக்க வேண்டியதைச் சுருக்கிக்கொண்டு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்த குடும்பம் எனக்குத் தெரியும். சித்திரை வெயிலில் அந்த விசிறியின் கீழ் உட்கார்ந்து தேர்வு எழுதுகிற பிள்ளைக்கு அது ராஜாபாய் கோபுரத்துக்குக் குறைந்ததில்லை.

பருத்திப் பணம், தாயின் மணி

ராஜாபாய் கோபுரத்துக்கும் கரிசல் மண்ணுக்கும் தூரத்து உறவு உண்டு. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, அங்கிருந்து இங்கிலாந்து ஆலைகளுக்குப் பருத்தி போவது நின்றது. இந்தியப் பருத்தி விலை ஏறியது. நம் கரிசலில் விளைந்து தூத்துக்குடி வழியே கப்பலேறிய பருத்திக்குத் ‘திருநெல்வேலிப் பருத்தி’ என்று பெயர். அதற்கும் அப்போது நல்ல காலம். மும்பையில் அந்தப் பருத்திக் காலம் பெரும் பணக்காரர் ஆக்கியவர்களில் ஒருவர்தான் பிரேம்சந்த் ராய்சந்த். 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்து அவரும் சரிந்தார். ஆனால் பல்கலைக்கழகத்துக்குச் சொன்ன வாக்கு நின்றது, கோபுரம் எழுந்தது. கண் தெரியாத தாய்க்கு அந்தி சாயும் முன் சாப்பிட நேரம் தெரிய வேண்டும் என்றுதான் மணிக்கூண்டு கட்டினார் என்று மும்பையில் ஒரு கதை சொல்வார்கள். சமணர்கள் பொழுது சாய்ந்தபின் உண்ண மாட்டார்கள்.

அதே மனிதர் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கும் 2 லட்சம் கொடுத்தார். அங்கே அது கட்டடம் ஆகவில்லை, ஆய்வு மாணவர்களுக்கான உதவித்தொகை ஆனது. தலைமுறை தலைமுறையாக வங்கத்தின் தலைசிறந்த மாணவர்கள் அதைப் பெற்றார்கள். ஒரே கை இரண்டு ஊரில் இரண்டு விதமாகக் கொடுத்திருக்கிறது. எது மேல் என்று ஒரே சொல்லில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு கட்டடம் தெருவில் போகிறவனுக்கும் கனவைக் காட்டும். உதவித்தொகை வாங்கியவனுக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் கட்டடத்துக்கு வயதாகும். ராஜாபாய் கோபுரத்தையே நம் காலத்தில் செப்பனிட இன்னொரு கொடையாளர் வர வேண்டியிருந்தது.

ஸ்டான்ஃபோர்டு கதையில் என்னை உலுக்கியது கட்டடம் இல்லை, நகை. பல்கலைக்கழகம் திறந்த இரண்டே ஆண்டில், 1893இல், ஜேனின் கணவர் லேலண்ட் இறந்தார். சொத்து வழக்கில் முடங்கியது. வீட்டுச் செலவுக்கென்று நீதிமன்றம் ஒதுக்கித் தந்த பணத்தில் பேராசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கல்லூரியைக் காப்பாற்றினார் ஜேன். தம் நகைகளை விற்று வரும் பணத்தில் நூலகத்துக்குப் புத்தகம் வாங்க வேண்டும் என்று எழுதிவைத்தார். அந்த நகை நிதி இன்றும் புத்தகம் வாங்கிக்கொண்டிருக்கிறது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தோட்டையும் சங்கிலியையும் அடகுக் கடையில் வைத்துவிட்டு வெறும் காதோடு வெங்காட்டுக்குப் போகிற நம் பெண்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

திறப்பு விழாவுக்கு அடுத்த நாள்

எங்கள் குடும்பத்துக்கும் ஒரு கல்வெட்டு உண்டு. பெரியம்மா பள்ளி ஆசிரியையாக இருந்தவர், பிள்ளை இல்லை. அவர் சேமித்து வைத்திருந்த பணத்தில் ஒரு கல்லூரிக்கு வகுப்பறை கட்டித் தந்தோம். திறப்பு விழாவில் அம்மா அழுதாள். ஒன்பது ஆண்டு கழித்து அந்தப் பக்கம் போனபோது உள்ளே நுழைந்து பார்த்தேன். அறை பூட்டியிருந்தது. சன்னல் வழியே உடைந்த பெஞ்சுகள் அடுக்கியிருந்தது தெரிந்தது. சுவரில் மூலைக்கு மூலை வெடிப்பு. மழைக்குக் கூரை ஒழுகியிருக்கிறது. கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பெரியம்மா பெயரில் முதல் மூன்று எழுத்துத்தான் தெரிந்தது.

கல்லூரியின் மேல் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது பாதிக் கோபம் எங்கள் மேலேயே திரும்பியது. சுவருக்குப் பணம் கொடுத்தோம். அந்தச் சுவரைக் காக்க ஒரு ரூபாய்கூட வைக்கவில்லை. அந்தக் கல்லூரிக்கு வகுப்பறை தேவையா என்றே கேட்கவில்லை. பெரியம்மா பெயர் ஒரு சுவரில் இருக்க வேண்டும் என்ற அவசரம் எங்களுக்கு.

வெடிப்புக்கு மண்ணும் காரணம். கரிசல் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். செம்மண்ணில் போடுகிற ஆழத்தில் இங்கே அடித்தளம் போட்டால் சுவர் சில வருடங்களில் வாய் பிளக்கும். கரிசலுக்கென்றே, அடிப்பக்கம் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண்களை ஆழத்தில் இறக்கிக் கட்டும் முறை இருக்கிறது. செலவு கூடுதல். அந்தக் கூடுதல் பணம் மண்ணுக்குள் போய்விடும், கண்ணுக்குத் தெரியாது, அதன் மேல் பெயர் எழுதவும் முடியாது. அதனால்தானோ என்னவோ கொடையாளர்கள் அதைக் கேட்பதே இல்லை.

பரிசு நிதிகளின் கதையும் இதுதான். 1990களில் 10,000 ரூபாயை வங்கியில் போட்டு, தமிழில் முதல் மதிப்பெண் பெறுகிறவருக்கு இறந்தவர் பெயரில் பரிசு என்று வைத்த குடும்பங்கள் ஏராளம். அன்று வைப்புநிதி வட்டி 12 சதவீதம் வரை இருந்தது. ஆண்டுக்கு 1,200 ரூபாய் வந்தால் அது பரிசு. இன்று 6 சதவீதம் என்றால் 600 ரூபாய். தங்கப் பதக்கம் என்று பெயர் வைத்திருந்தால் அந்தப் பணத்துக்குப் பதக்கம் வைக்கும் பெட்டிதான் வரும். வட்டியில் ஒரு பகுதியை முதலோடு சேர்த்துக்கொண்டே வர வேண்டும் என்று ஆரம்பத்திலேயே எழுதிவைத்த நிதிகள்தான் தாக்குப்பிடிக்கின்றன.

> பெட்டிச் செய்தி: கொடுக்க நினைப்பவர்கள் கவனத்துக்கு
>
> நிலம் என்றால் பதிவு செய்த தானப் பத்திரம் வேண்டும். எந்தப் பயன்பாட்டுக்கு என்பதைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும்.
>
> அரசுப் பள்ளிக்கோ கல்லூரிக்கோ பெயர் வைக்க அரசின் ஆணை தேவை. வாய்மொழி உறுதி போதாது.
>
> அரசுப் பள்ளிகளுக்கு உதவ 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டம் இருக்கிறது. தகுதி பெற்ற நிறுவனங்களுக்குத் தரும் பணத்துக்கு வருமான வரிச் சலுகை உண்டு. ரசீதை வாங்க மறக்கக் கூடாது.
>
> உயிலில் எழுதுகிறவர்கள் பச்சையப்ப முதலியாரை நினைக்கட்டும். அவர் 1794இல் இறந்தார். சொத்து வழக்குகளில் சிக்கி, அவர் பெயரில் பள்ளி தொடங்க 1842 ஆகிவிட்டது.

திருச்சுழிப் பக்கம் என்ன வேண்டும்

ரமணர் பிறந்த திருச்சுழிக்கு 2022இல் அரசு கலை அறிவியல் கல்லூரி வந்துவிட்டது. அதே ஆண்டு விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. வகுப்பறையையும் பஸ்ஸையும் அரசு பார்த்துக்கொள்கிற இடத்தில், கொடையாளர் மறுபடியும் ஒரு வகுப்பறையைக் கட்டி ரிப்பன் வெட்ட வேண்டுமா?

நரிக்குடிப் பக்கமிருந்தும் காரியாபட்டிப் பக்கமிருந்தும் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகளோடு பேசினால், அவர்கள் கேட்பது வேறு. மதியம் இரண்டு மணிக்கு வகுப்பு முடிந்தால் அடுத்த பஸ் வரை உட்கார்ந்து படிக்க ஓர் இடம். கழிப்பறை இருக்கிறது, அதில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். வீட்டில் ஒரே அறை, அதில் பாதி தறி. பரீட்சை நேரத்தில் தங்கிப் படிக்கப் பெண்களுக்கு ஒரு விடுதி. இதில் கடைசியானது மட்டும்தான் பெரிய கட்டடம். முதலாவதற்கு ஒரு கூடம், நல்ல வெளிச்சம், பத்து மேசை, கடைசி பஸ் போகும் வரை திறந்து வைத்திருக்க ஓர் ஆளுக்குச் சம்பளம். இரண்டாவதற்கு மழைநீரைச் சேர்க்கும் பெரிய தொட்டியும், வருடா வருடம் அதைத் தூர்வாரப் பணமும்.

அந்தச் சம்பளத்துக்கும் தூர்வாரும் கூலிக்கும் யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. வைக்கட்டுமே. ‘இன்னார் நினைவாக இந்தத் தொட்டி ஆண்டுதோறும் தூர்வாரப்படுகிறது’ என்று எழுதினால் அந்தப் பெயருக்கு என்ன குறை? இறந்தவர் பெயர் தெவசத்தன்று ஒரு தடவை வீட்டில் சொல்லப்படுகிறது. தொட்டியில் தண்ணீர் நிறையும்போதெல்லாம் ஊர் முழுக்க அதைச் சொல்லும்.

என்னிடம் யாராவது யோசனை கேட்டால், கையில் உள்ள பணத்தில் முக்கால் பங்குக்கு மட்டும் கட்டுங்கள், கால் பங்கை அந்தக் கட்டடத்தைக் காப்பதற்கு வையுங்கள் என்பேன். திறப்பு விழா முடிந்த மறுவருடம், யாருக்கும் சொல்லாமல் போய்ப் பாருங்கள். அறை பூட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். இன்னும் என்ன வேண்டும் என்றும் கேளுங்கள். பெரியம்மா விஷயத்தில் நாங்கள் அதைச் செய்யவில்லை. இந்தக் கோடை விடுமுறையில் அந்தக் கூரையை மாற்றப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். கல்வெட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகுதான்.

கொடிக்குளத்தில் ஆயி அம்மாள், விருது வாங்கித் திரும்பிய சில நாட்களிலேயே, அதே பள்ளிக்கு இன்னும் 91 சென்ட் நிலத்தை எழுதிக் கொடுத்தார்.